மூழ்கிய கப்பலில் பொறித்திருக்கும் பெயர் யாருடையது?

தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டி வாசலில் உள்ள டீக்கடையில் விவாதம் மூண்டது. காரணம், பத்திரிகையில் வந்த ஒரு கப்பல் படம். கொலம்பியா தேசத்தின் கார்த்தகேனா துறைமுகத்துக்கு அருகே 1708-ல் மூழ்கிய 'சான் ஹோசே' என்ற ஸ்பானிஷ் கப்பல் அது. தங்கமும் வெள்ளியும் மரகதமும் ஏற்றி வந்த கப்பல். ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் அதைத் தாக்கின, வெடித்து மூழ்கியது. அதில் இருந்த சுமார் 600 பேரில் பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடையில் இருந்த நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், சட்டை மடிப்புக் கலையாதவர், பத்திரிகையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "என்ன வீரம் பாருங்கள்! அந்த வெள்ளைக்காரர்கள் உயிரைத் துச்சமாக மதித்துக் கடலைக் கடந்து வராவிட்டால் நமக்கு உலகமே தெரிந்திருக்காது. வாஸ்கோடகாமா வந்திராவிட்டால் இந்தியா எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு ஏன், இதோ இந்த மண்டியில் குவிந்து கிடக்கிறதே மல்லாட்டை, இதுவே வந்திருக்காது!"

மூட்டை இறக்கிவிட்டு வந்து நின்ற பெரியவர் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கப்பல்ல தங்கம் இருந்திச்சி, வெள்ளி இருந்திச்சின்றீங்களே சார், அத்த வெட்டி எடுத்தவன் யாரு?"

நண்பரிடம் பதில் இல்லை. பத்திரிகையிலும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது உழைப்பாளி மக்களின் பத்திரிகையில்தான் சாத்தியம் என்பதால் எழுதுகிறேன்.

வெட்டி எடுத்தவன் யார்?

அந்தக் காலத்தில் ஸ்பெயின் அரசனுக்குப் போன வெள்ளியில் பெரும்பகுதி இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி என்ற மலையிலிருந்து வந்தது. 1545 முதல் அந்த மலையைக் குடைந்தார்கள். குடைந்தது யார்? ஸ்பானிஷ் பிரபுக்களா? இல்லை! 1570களில் ஒரு சட்டம் போட்டார்கள். சுற்றுவட்டார மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர் வீதம் முறை வைத்து அந்தச் சுரங்கத்துக்கு வந்து வேலை செய்தே தீரவேண்டும். 'மித்தா' என்று அதற்குப் பெயர். நம் பக்கத்தில் வெட்டிவேலை, அமிஞ்சி என்று சொல்லுவோமே, அதன் பெரியண்ணன்! இருநூறு வருஷங்களுக்கு மேல் அது நீடித்தது. மலைக்குள் இறங்கியவர்கள் பாறை சரிந்து செத்தார்கள். மேலே பாதரசம் கலந்து வெள்ளி பிரித்தவர்கள் விஷம் ஏறிச் செத்தார்கள்.

2015-ல் கொலம்பிய சர்க்கார் இந்தக் கப்பலைக் கண்டுபிடித்ததாக அறிவித்ததும் சண்டை தொடங்கியது. 'எங்கள் கடலில் கிடக்கிறது, எங்களுடையது' என்றது கொலம்பியா. 'எங்கள் கொடி பறந்த கப்பல்' என்றது ஸ்பெயின். 'இடத்தை முதலில் கண்டது நாங்கள், பங்கு கொடு' என்றது ஓர் அமெரிக்கக் கம்பெனி. இந்த மூன்று பேரும் பேசியதைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் போட்டன. நான்காவதாக ஒரு குரல் எழுந்தது. பொலிவியாவின் காரா காரா என்ற பூர்வகுடி மக்கள் சொன்னார்கள்: எங்கள் பாட்டன் முப்பாட்டன்களைக் கட்டாய வேலையில் மடக்கி எடுத்த வெள்ளி இது, இதில் எங்களுக்கும் பங்குண்டு!

மண்டிப் பெரியவர் கேட்டதும் இதைத்தான். பொலிவியாவை அவர் பார்த்ததில்லை. காரா காரா என்ற பெயரைக் கேள்விப்பட்டதும் இல்லை.

இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து சேராத கப்பல்

நம் தேசத்தை நோக்கி வந்த ஒரு கப்பலையே பார்ப்போம். 2008-ல் ஆப்பிரிக்காவின் நமீபியா தேசத்தில், கடலோர வைரச் சுரங்கம் ஒன்றில், கடல் நீரைத் தடுத்து மணலை அள்ளிக்கொண்டிருந்த இடத்தில் வட்டம் வட்டமாகச் செம்புக் கட்டிகள் தட்டுப்பட்டன. தோண்டினால் ஒரு கப்பலே கிடந்தது. 1533-ல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டுக் காணாமல் போன 'பொம் ஜெசுஸ்' என்ற போர்த்துகீசியக் கப்பல் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அதில் 2,000-க்கு மேற்பட்ட பொற்காசுகள், நூற்றுக்கு மேல் யானைத் தந்தங்கள், பீரங்கிகள், 1,800-க்கு மேற்பட்ட செம்புக் கட்டிகள்.

அந்தச் செம்புக் கட்டிகளில் ஒரு முத்திரை. சூலம்! அண்ணாமலையார் கையில் இருக்கும் சூலம் அல்ல, தோழர்களே. ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்தின் வியாபாரச் சூலம். அரசர்களுக்கே கடன் கொடுத்த குடும்பம். 1519-ல் ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தியாவதற்கு வாக்குகளை விலைக்கு வாங்கப் பணம் கொடுத்தது அந்தக் குடும்பம்தான். 1525-ல் ஜெர்மன் குடியானவர்கள் பண்ணையடிமைத்தனத்தை எதிர்த்து அரிவாளும் தடியுமாக எழுந்தபோது அவர்களை வெட்டிச் சாய்த்த பிரபுக்களின் படைக்கும் அவர்கள் பணம் போனது. அதே காலத்தில், இன்றைய ஸ்லோவாகியாவில் உள்ள அவர்களுடைய செம்புச் சுரங்கத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள். அதுவும் நசுக்கப்பட்டது.

அப்படி வெட்டிய செம்புதான் மிளகு வாங்க இந்தியாவுக்குக் கப்பலேறியது. பள்ளிப் புத்தகம் 'கடற்பயண வீரர்கள்' என்று எழுதுகிறது. கப்பலின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே வட்டிக்கடைக்காரன் உட்கார்ந்திருக்கிறான்!

காமா என்ன கண்டுபிடித்தார்?

இனி வாஸ்கோடகாமாவிடம் வருவோம். 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு அருகே வந்து இறங்கினார். 'இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்?' என்று நம் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். பதில் எழுதினால் ஒரு மார்க். ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்த முதல் ஐரோப்பியக் கப்பல்கள் அவருடையவை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஆப்பிரிக்கக் கரையில் மாலிந்தி துறைமுகம் வந்ததும் அவருக்கு மேலே போக வழி தெரியவில்லை. அங்கே ஒரு வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொண்டார். பருவக்காற்று எப்போது அடிக்கும், எந்த நட்சத்திரத்தைப் பார்த்து ஓட்டவேண்டும் என்று தெரிந்த அந்த மனிதன் சுமார் மூன்று வாரத்தில் கப்பல்களைக் கோழிக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்! கூப்பிட்ட இடத்துக்கு டாக்ஸிக்காரர் கொண்டுபோய் விட்டால், ஊரைக் கண்டுபிடித்தது பின் ஸீட்டில் உட்கார்ந்திருந்தவரா?

அரபிகளும் குஜராத்திகளும் மலையாளிகளும் தமிழர்களும் அந்தக் கடலில் ஓடத் தொடங்கி ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இலங்கையின் தென்கரையில் கொடவாய என்ற இடத்தில், சங்கு குளிக்கும் தொழிலாளிகள் கண்டெடுத்த கப்பல் சிதைவு சுமார் இரண்டாயிரம் வருஷப் பழமையானது. அதில் கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, செம்பு எல்லாம் கிடைத்தன. நம் புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945-ல் தோண்டியபோது ரோமாபுரி மட்பாண்டம் கிடைத்ததும் தெரிந்த கதை.

அந்த முதல் பயணத்தில் காமாவுடன் வந்த கப்பல் தொழிலாளிகளின் கதையையும் சொல்லவேண்டும். வெள்ளைத் தோல் என்பதற்காக அவர்களை நான் வையமாட்டேன். சுமார் 170 பேர் புறப்பட்டார்கள். பாதிக்கு மேல் திரும்பவில்லை. பச்சைக் காய்கறியும் பழமும் இல்லாமல் ஈறு வீங்கி, பல் உதிர்ந்து, கால் வீங்கிச் செத்தார்கள். மொம்பாசாவில் கிடைத்த ஆரஞ்சுப் பழத்தைத் தின்றுதான் பலர் எழுந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் ஓட்டுவதற்கு ஆள் இல்லாமல் ஒரு கப்பலைக் கொளுத்திவிட்டுப் போகவேண்டியதாயிற்று. காமாவுக்குப் பட்டமும் பணமும் கிடைத்தன. செத்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள் பட்ட பாட்டை எந்தப் பள்ளிப் புத்தகம் எழுதியது?

1502-ல் இரண்டாம் முறை வந்தபோது வேஷம் முழுவதும் கலைந்தது. மெக்காவிலிருந்து யாத்ரீகர்களை ஏற்றி வந்த 'மீரி' என்ற கப்பலை மடக்கினார். பணம் தருகிறோம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். பெண்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். கப்பலைச் சூறையாடி, நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் இருக்கும்போதே தீ வைத்தார் 'வீரர்'. இதை அந்தப் பயணத்தில் கூடவே வந்த தோமே லோப்பஸ் என்ற போர்த்துகீசியரே எழுதிவைத்தார்.

அந்தப் பயணத்தின் கப்பல் ஒன்றுதான் கடலுக்கடியிலிருந்து சாட்சி சொல்ல வந்திருக்கிறது. காமாவின் தாய்மாமன்கள் இரண்டு பேர், விசென்டே சோத்ரே, பிராஸ் சோத்ரே. மலையாளக் கரையில் போர்த்துகீசியரின் பண்டகசாலைகளையும் கொச்சி ராஜாவையும் காக்கும்படி இவர்களை நிறுத்திவிட்டுப் போனார் மருமகன். மாமன்கள் காவலைப் போட்டுவிட்டு, செங்கடல் பக்கம் போய் வருகிற போகிற வியாபாரக் கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள். 1503 மே மாதம் ஓமான் கரைக்கு அப்பால் ஒரு தீவில் நங்கூரம் போட்டு நின்றார்கள். அந்தத் தீவின் ஜனங்கள் வந்து சொன்னார்கள்: 'பெருங்காற்று வரப்போகிறது, தீவின் அந்தப் பக்கம் போய்விடுங்கள்' என்று. கொள்ளைக்காரனையும் எச்சரித்துக் காப்பாற்றப் பார்த்த அந்த மீனவர்களை நினைத்துப் பாருங்கள்! மாமன்களோ, எங்கள் நங்கூரம் இரும்பு நங்கூரம் என்று மமதையாக இருந்தார்கள். காற்று வந்தது. கயிறு அறுந்தது. 'எஸ்மெரால்டா' பாறையில் மோதி விசென்டேயும் அவனோடு இருந்தவர்களும் மூழ்கினார்கள். கரையேறிய தம்பி பிராஸ் என்ன செய்தான் தெரியுமா? சிறைப்பிடித்து வைத்திருந்த முஸ்லிம் வழிகாட்டி மாலுமிகள் இருவரைக் கொன்றான்! முதலாளி கட்டளையிட்டு எந்திரம் வெடித்தால் பழி தொழிலாளி தலையில் விழுவது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கம் அல்ல.

1998-ல் அந்தச் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. 2013 முதல் ஓமான் சர்க்கார் சேர்ந்து அகழ்ந்தது. 2016-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். 1498 என்று பொறித்த மணி, திசைக் கருவியின் தட்டு, பொற்காசுகள், இந்திய வியாபாரத்துக்கென்றே போர்த்துகீசிய அரசன் அடித்த அபூர்வமான வெள்ளிக்காசு, இவற்றோடு குண்டுகள், குண்டுகள், மேலும் குண்டுகள். வியாபாரம் பண்ண வந்தவன் மூட்டையில் எடைக்கல் அல்லவா இருக்கவேண்டும்?

ஈயக் கட்டி

'இதெல்லாம் எங்கோ கடலில் நடந்தது, மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கென்ன?' என்று கேட்கலாம். திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. புதுச்சேரிக் கரைக்கு நூறு கிலோமீட்டர் போகவேண்டும். ஆனால் கடல் நம்மைத் தேடி வந்தது.

நம் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினோரு நிலைக் கோபுரத் திருப்பணியை 1516-ம் வருஷத்துக் கல்வெட்டு கிருஷ்ணதேவராயர் பேரில் சொல்லுகிறது. அந்த ராயருடைய குதிரைப்படைக்குக் குதிரை எங்கிருந்து வந்தது? அரபு, பாரசீகக் கரையிலிருந்து கப்பலில். 1510-ல் கோவாவைப் பிடித்த போர்த்துகீசியர்கள் அந்தக் குதிரை வியாபாரத்தைத் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொண்டார்கள். குதிரைக்கு விலை கொடுத்தது ராயர் கஜானா. கஜானாவுக்குக் கொடுத்தது ஏர் பிடித்தவன்.

இன்னும் கிட்டத்தில் ஒரு சாட்சி உண்டு. நம் பூம்புகார்க் கடலில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு கப்பல் கிடக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வுக் கழகத்தார் கண்டுபிடித்தது. அதிலிருந்து எடுத்தவை ஈயக் கட்டிகள். அவற்றின்மேல் 1791, 1792 என்று வருஷம். கூடவே ஒரு பெயர்: 'டபிள்யூ. பிளாக்கெட்'.

யார் இந்த பிளாக்கெட்? இங்கிலாந்தின் வடக்கே நியூகாஸில் பக்கத்து ஈயச் சுரங்கங்களுக்குச் சொந்தக்காரக் குடும்பம். அந்தக் குடும்பத்து வில்லியம்களும் செத்தார்கள். கடைசியாக இருந்த சர் வால்டர் பிளாக்கெட்டும் 1777-லேயே செத்துப்போனார். ஆனாலும் 1791-ல் வார்த்த ஈயத்தில் அவர்கள் பெயர்! முதலாளி செத்துப் பதினான்கு வருஷம் ஆன பிறகும் மார்க்கா வாழ்கிறது. உயிரோடு இருந்து சுரங்கத்தில் இறங்கியவன், கல்தூசியைச் சுவாசித்து நெஞ்சு கெட்டு நடுவயதிலேயே போனவன், பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் குளிர்ந்த தண்ணீரில் நின்று தாது கழுவிய அவன் பையன், இவர்கள் பெயர் எந்தக் கட்டியிலும் இல்லை.

இதை டீக்கடையில் சொன்னபோது பெரியவர் சிரித்தார். மண்டியில் அடுக்கியிருந்த சாக்குகளைக் கையால் காட்டினார். ஒவ்வொன்றிலும் மண்டி முதலாளியின் மார்க்கா, நீலமையில்.

ஈயம் எதற்கு? குழாய்க்கும் கூரைக்கும் ஆகும். துப்பாக்கி ரவைக்கும் ஆகும். பூம்புகாரில் மூழ்கியது ஒரு கப்பல் சரக்கு. மூழ்காமல் கரை சேர்ந்த ஈயம் நம் ஊரில் என்ன செய்தது என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியின் படையோடு கர்னல் ஸ்மித்தின் கம்பெனிப் படை மோதியது. 1790-91 யுத்தத்தில் திப்புவின் படை திருவண்ணாமலையைப் பிடித்தது. 1792-ல், அதாவது அந்த ஈயக் கட்டியில் பொறித்த அதே வருஷத்தில், கம்பெனி ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு, நமக்கு மேற்கே செங்கம் கணவாய்க்கு அப்பால் உள்ள பாரமகாலைத் திப்புவிடமிருந்து பறித்தது. ரவைக்குப் பின்னாலேயே அளவுச் சங்கிலி வந்தது! காப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து காடு கரம்பு எல்லாவற்றையும் அளந்து வரி போட்டார்கள். எந்த ராஜா ஜெயித்தாலும் படை நடந்த வழியில் பயிர் போனது குடியானவனுக்குத்தான்.

கொள்ளையிலும் இரண்டாம் கொள்ளை

மூழ்கிய கப்பலைத் தேடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதை யார், எதற்காகத் தேடுகிறார்கள் என்பதுதான் கேள்வி. 1752-ல் மூழ்கிய 'கெல்டர்மால்ஸன்' என்ற டச்சுக் கம்பெனிக் கப்பலை 1985-ல் ஒரு புதையல் வேட்டைக்காரர் கண்டுபிடித்தார். சீனப் பீங்கான் லட்சத்துக்கும் மேல், தங்கக் கட்டி நூற்றுக்கும் மேல். 1986-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போட்டு விற்றுத் தீர்த்தார்கள். பணக்காரர் வீட்டு அலமாரிகளில் பீங்கான் ஏறியது. கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, தொழிலாளி எதில் தின்றான், எங்கே படுத்தான் என்று சொல்லக்கூடிய மண் கலைந்து போயிற்று. ஆராய்ச்சியாளனுக்கு உடைந்த சட்டியும் எலும்பும் ஆணியும் தங்கத்தைவிட முக்கியம். வேட்டைக்காரனுக்கு ஏலத்தில் விலை போகாதது எல்லாம் குப்பை.

இன்னொரு ரகப் பேர்வழிகளும் உண்டு. 'வெள்ளைக்காரன் மட்டுமா கப்பல் விட்டான்? எங்கள் ராஜேந்திர சோழன் 1025-லேயே கடாரத்தைச் சூறையாடவில்லையா?' என்று மார்தட்டுகிறார்கள். ஆம், சூறையாடினான். அதில் பெருமைப்பட நமக்கு என்ன இருக்கிறது? கடாரத்துக் குடியானவன் நமக்கு என்ன தீங்கு செய்தான்? அவர்களுடைய கொள்ளைக்காரனுக்கு நம்முடைய கொள்ளைக்காரனைப் பதிலாகக் காட்டுவது ராஜாக்களின் வழக்காக இருக்கலாம். நம் வழக்கு அதுவல்ல. அந்தக் கப்பலைச் செதுக்கிய தச்சனையும், பாய் தைத்தவனையும், துடுப்புப் போட்டவனையும் காட்டுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். கடலில்லாத நம் ஊரிலேயே மலையுச்சிக்குக் கொப்பரை சுமந்து ஏறித் தீபம் ஏற்றுபவர்கள் மீனவர் வழிவந்த பருவதராஜ குலத்தார்தானே? அடிவாரத்தில் லட்சம் பேர் பார்க்கிறார்கள். ஏறினவன் பெயரை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

மல்லாட்டைக்கு வருகிறேன்

படித்த நண்பரின் கடைசி அஸ்திரம் பாக்கி இருக்கிறது. மல்லாட்டை! அது கப்பலில்தான் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். மணிலாக் கொட்டை என்ற பெயரிலேயே அது வந்த துறைமுகம் இருக்கிறது. ஸ்பானிஷ்காரர்கள் 1565 முதல் இருநூற்றைம்பது வருஷம் அமெரிக்கக் கண்டத்துக்கும் மணிலாவுக்கும் வெள்ளி ஏற்றிக் கப்பல் ஓட்டினார்கள். மிளகாயும் அப்படித்தான் அந்தக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கையில் வந்தது.

ஆனால் மல்லாட்டையை உண்டாக்கியது கப்பலா? தென் பொலிவியாவும் வட அர்ஜென்டினாவும் சேருகிற பூமியில், ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், காட்டுச் செடியைப் பொறுக்கி, நல்ல விதையை வைத்துக்கொண்டு, மட்டமானதைத் தள்ளி, தலைமுறை தலைமுறையாக விதைத்து விதைத்து, இன்று நாம் பிடுங்குகிற பயிராக ஆக்கியவர்கள் அந்த ஊர் விவசாயிகள். அவர்களுடைய மக்களைத்தான் பிற்பாடு ஏழுக்கு ஒருவராகப் பொத்தோசி மலைக்கு ஓட்டினார்கள். வெள்ளியை வெட்டியவனும் மல்லாட்டையை விளைத்தவனும் ஒரே நாட்டுக்காரர்கள்! கப்பல்காரன் செய்தது சுமைகூலி வேலை. அந்த வேலையை மண்டி வாசலில் செய்கிற பெரியவர், 'மல்லாட்டையை நான் கண்டுபிடித்தேன்' என்று எந்த நாளும் சொன்னதில்லை.

ஆகவே கேட்கிறோம். 'கடல்வழி கண்டுபிடித்தவர்' என்று ஒரு வரியோடு நிறுத்தும் பாடத்தில் மாலிந்தி மாலுமியும் மீரி கப்பலும் சேரட்டும். பூம்புகார் ஈயக் கட்டியை ஜனங்களுக்குக் காட்டும்போது, பிளாக்கெட் யார், அதை வெட்டியவன் எப்படி வாழ்ந்து செத்தான், அந்த வருஷம் நம் சீமையில் என்ன நடந்தது என்று தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். நம் கடலில் கிடப்பதைத் தேட சர்க்கார் பணம் ஒதுக்கட்டும். முத்து, சங்கு குளித்த கடற்கரைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு அதில் பயிற்சியும் வேலையும் கொடுக்கட்டும். ஏலக் கம்பெனிகள் கிட்டே வராதபடி பார்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு நண்பர், "எல்லாவற்றிலும் உங்களுக்கு முதலாளி, தொழிலாளிதானா?" என்று சலித்துக்கொண்டார். பெரியவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விட்டார். மீதி விவாதம் தீபத்துக்கு மறுநாள், அதே கடையில்.